தொண்ணூற்றெட்டு

கயானியில், மூடிப்போன காகித ஆலையின் இரண்டாம் மாடியில்
பதினொரு பேர் உட்கார்ந்து
நாட்டின் வாயைக் கிளறிக்கொண்டிருந்தோம்.
மார்ச் மாதம். மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை.
அப்போதுதான் ஜனங்கள் வீட்டில் இருப்பார்கள்,
அப்போதுதான் எரிச்சலிலும் இருப்பார்கள்.

இன்று தேர்தல் நடந்தால் யாருக்கு வாக்களிப்பீர்கள்?
இன்று நடக்காதே, என்றாள் ஒருத்தி.
நியாயம்தான்.
அந்தப் பதிலுக்கு எங்களிடம் எண் இல்லை.

வயல்காரர் கட்சி என்றால் ஒன்று.
ஆலைக் கட்சி இரண்டு. அப்படியே போகும் பதினான்கு வரை.
சொல்ல மாட்டேன், தொண்ணூற்றேழு.
தெரியாது, தொண்ணூற்றெட்டு.
தெரிந்தும் மென்று விழுங்குகிறவர்களை
எதில் போடுவது என்று கேட்டேன்.
மேலாளர் இல்ப்போ காப்பியை ஊதிக்கொண்டே
"உன் பாடு" என்றார்.

இருபத்தைந்துக்குக் கீழே, ஆண், வடக்கு:
இவர்கள் போனை எடுப்பதே இல்லை.
ஒருவன் எடுத்தான்.
பின்னால் பனிவண்டி உறுமிக்கொண்டிருந்தது.
"வயல்காரர்" என்றானா, "வைக்கிறேன்" என்றானா,
ஒன்று என்று அழுத்தினேன்.
கணினி அவனை நான்கு புள்ளி இரண்டு ஆளாக ஆக்கியது.
ஆசையாய் எடுத்து, நலம் விசாரித்து,
கேட்காத கேள்விக்கும் பதில் சொன்ன
ஓய்வுபெற்ற ஆசிரியைகள்
ஆளுக்கு அரை ஆள்.

சொட்கமோவிலிருந்து வெய்யோ என்பவர்
எந்தக் கட்சியும் சொல்லவில்லை.
"ஏரியில் பனி மே நாலாம் தேதி உடையும், எழுதிக்கொள்.
பனிமேல் பீப்பாய் ஒன்றை நிறுத்தியிருக்கிறோம்.
அது முழுகும் நாளுக்குத் தலைக்கு ஐந்து யூரோ.
நீங்களும் பந்தயம்தானே கட்டுகிறீர்கள்?"
இல்லை ஐயா, எங்களுக்குப் பிழை எல்லை உண்டு,
கூட்டியோ குறைத்தோ இரண்டு.
நெடுநேரம் சிரித்தார்.
அந்தச் சிரிப்பையும் தொண்ணூற்றேழில்தான் போட்டேன்.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால்
இல்ப்போ கடன் வாங்கிய கோட்டில் தொலைக்காட்சிக்கு வந்தார்.
வயல்காரருக்கு ஏழு இடம் கூடும் என்றார்.
ஆறும் இல்லை எட்டும் இல்லை, ஏழு.
குரலில் நடுக்கமே இல்லை.
அந்த ஏழுக்குள் எங்கோ
ஒரு பனிவண்டி ஓடிக்கொண்டிருப்பது
எனக்கு மட்டும் கேட்டது.

ஞாயிறு இரவு எண்ணி முடித்தபோது ஆறு.
இல்ப்போ கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்,
யாரோடும் பேசவில்லை.
புதன்கிழமை மறு எண்ணிக்கை.
எங்கள் தொகுதியின் கடைசி இடத்துக்கு
இரண்டு பேர், ஒரு வாக்கும் பிசகாமல், சமம்.
சட்டப்படி சீட்டுக் குலுக்கல்.
பெட்டி கொண்டுவர மறந்துவிட்டார்கள்.
செயலாளர் மர்யுக்கா தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி
இரண்டு காகிதத்தைப் போட்டு, உலுக்கி,
முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

வயல்காரர்.
ஏழு.

மறுநாள் நிறுவனத்தின் வாசலில்
எழுத்துக்கு எழுத்து நிறம் மாறும் பலகை:
நாட்டிலேயே துல்லியமான கணிப்பு.
இல்ப்போ கேக் வாங்கி வந்தார்.
தொப்பிக்கு யாரும் ஒரு துண்டு வைக்கவில்லை.

என் கதையைக் கேட்டால்:
அந்த ஞாயிறு மறைப்புக்குள் பென்சிலோடு நின்றேன்.
இங்கே வேட்பாளரின் எண்ணை எழுத வேண்டும்.
பட்டியலில் தொண்ணூற்றெட்டாம் எண்ணில்
நிஜமாகவே ஒருத்தி இருந்தாள்,
பல் மருத்துவர், முன்பல் தெரியச் சிரித்தபடி.
கை கொஞ்சம் அந்தப் பக்கம் போயிற்று.
எந்த எண்ணை எழுதினேன் என்கிறீர்களா?
தொண்ணூற்றேழு.
வேட்பாளரைச் சொல்லவில்லை.

பீப்பாய் மே ஒன்பதாம் தேதி முழுகியதாம்,
உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கே வரி.
வெய்யோவுக்கு ஐந்து நாள் தவறு.
எல்லைக்கு வெளியே.

இப்போது சலவைத்தூள் பற்றிக் கேட்கிறோம்.
ஒருவரும் மறைப்பதில்லை.